வெளுப்பைப் பார்த்துத் தாள் வாங்கலாமா?

நாற்பது ஆண்டுகளாகத் தாள் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். நஷ்டப்பட்டுக் கற்ற பாடம் ஒன்றை நமது சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆலையின் 75 ஜி.எஸ்.எம். தாள் மலிவாக வந்தது. நல்ல வெளுப்பு, சரியான கனம். வாங்கிக் கடைகளுக்குக் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் மளிகைக்கடை நண்பர் ஒருவர், பாக்கெட்டுகளில் ஒட்டுவதற்காக இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த பார்கோடு சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். கோடுகள் தடித்து, பக்கத்துக் கோட்டை ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேனர் படிக்கவில்லை. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வர, 60 ரீம் என் கிடங்குக்கே திரும்பியது.

ஒரே தாள் ஜெராக்ஸில் நன்றாகவும் இங்க்ஜெட்டில் மோசமாகவும் அச்சாவது ஏன்? ஜெராக்ஸ், லேசர் இயந்திரங்கள் மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளின் மேல் ஒட்டுகின்றன. இங்க்ஜெட் மையிலோ பெரும்பங்கு தண்ணீர். அது மிகச் சிறு துளிகளாகத் தெறிக்கிறது. ஒரு துளி 10 பிகோலிட்டர் என்றால், ஒரு மில்லிலிட்டர் மையில் பத்துக் கோடித் துளிகள்! ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

அப்படி நிற்க வைப்பது சைசிங் என்னும் பக்குவம். தாள் தண்ணீரை உடனே குடித்துவிடாதபடி கூழிலும் மேற்பரப்பிலும் சேர்க்கும் பொருள்கள் அவை. சைசிங் குறைந்தால், ஒற்றுத்தாளில் எழுதியது போல மை நார் வழியே ஓடி எழுத்துக்கு மீசை முளைக்கும், பின்பக்கமும் தெரியும். மிகுந்தாலோ மை காயாமல் கையில் ஒட்டும். அடுத்தடுத்த நிறங்கள் கலந்துவிடும். அளவோடு இருப்பதே நல்ல தாள்.

இதை அச்சடிக்கும் முன்பே அறிய ஆய்வுக்கூடச் சோதனைகள் உள்ளன. முதலாவது காப் சோதனை (ஐ.எஸ்.ஓ. 535). 100 சதுர சென்டிமீட்டர் தாளின் மேல் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடக் கணக்கில் ஒற்றியெடுத்து, கூடிய எடையைப் பார்ப்பார்கள். அதை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொல்வார்கள். அந்த எண் ஏற ஏற, தாள் தண்ணீரை அதிகம் குடிக்கிறது என்று பொருள்.

ஆனால் காப் எண் மட்டும் போதாது. அது ஒரு நிமிடக் கணக்கு. மைத்துளியின் தலைவிதியோ நொடியில் சிறு பங்குக்குள் முடிவாகிவிடுகிறது. அதற்காகவே பிரிஸ்டோ சோதனை. சுழலும் சக்கரத்தில் தாளைப் பொருத்தி, குறித்த அளவு திரவத்தை அதன்மேல் ஓடவிட்டு, தடத்தின் நீளத்தைக் கொண்டு உறிஞ்சும் வேகத்தைக் கணக்கிடுவார்கள். துளி தாளில் உருண்டு நிற்கிறதா, படர்கிறதா என்று அதன் கோணத்தை அளப்பதும் உண்டு. மேற்பரப்பின் சொரசொரப்பையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தால்தான் அச்சு எப்படி வரும் என்று ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். அப்போதும் மையைப் பொறுத்து முடிவு மாறும். சாய மை தண்ணீரோடு உள்ளே போகும். பிக்மென்ட் மையின் துகள்கள் பெரும்பாலும் மேலேயே தங்கும்.

நம்மிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனாலும் சில காரியங்கள் நம் கையில் உள்ளன.

1. புதிய சரக்குக்கு ஜி.எஸ்.எம்., வெண்மையோடு காப் எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். இரு பக்கத்துக்கும் கேளுங்கள்.

2. நல்ல தாள் ஒன்றையும் புதிய தாளையும் அருகருகே வைத்து, சொட்டு மருந்துக் குழாயால் ஒவ்வொரு துளித் தண்ணீர் விட்டு ஒப்பிடுங்கள்.

3. மெல்லிய கோடும், பொடி எழுத்தும், மஞ்சள் பட்டையின் மேல் கறுப்பு எழுத்தும் அச்சடித்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள். வாங்குபவரின் பிரிண்டரிலேயே அடித்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

4. ஆய்வுக்கூடத்தில் தாளை 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதிப்பார்கள். நம் மழைக்காலக் கிடங்கு அப்படியல்ல. ரீமைப் பிரிக்காமல், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

அந்த 60 ரீமை ஜெராக்ஸுக்கு மட்டும் என்று சொல்லி, விலை குறைத்துத் தள்ளினேன். ஒரு துளித் தண்ணீரை முதலிலேயே விட்டுப் பார்த்திருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும். அந்த மளிகைக்கடை நண்பரிடம் தலைகுனிய வேண்டியும் வந்திராது.