மாடில்லாத வீட்டிலும் வாயு அடுப்பு

சாண எரிவாயுவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இடம்பெயர்ந்த விவசாயிகள் கேட்கும் முதற் கேள்வி, “சாணத்துக்கு எங்கே போவது?” என்பதுதான். கேள்வி நியாயமானது. ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கனமீற்றர் வாயு வேண்டும். அதற்கு 25 கிலோ பச்சைச் சாணம், அதாவது கட்டி வளர்க்கும் இரண்டு மூன்று மாடுகள் தேவை. பட்டியை விட்டுவிட்டு உயிரை மட்டும் காத்துக்கொண்டு வந்த குடும்பத்துக்கு இது எட்டாத கணக்கு.

ஆயினும் வாயு தருவது மாடு அல்ல. சாணத்தில் வாழும் நுண்ணங்கிகளே. அவற்றுக்கு வேறு உணவு கொடுத்தாலும் வாயு தரும். எரிபொருளுக்காக வித்துக்களை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கு அத்தகைய உணவு.

எரிபொருளின் கழிவிலும் எரிபொருள்

பிறேசில் நாடு 1975ஆம் ஆண்டு முதல் கரும்பிலிருந்து வாகனங்களுக்கான மதுசாரத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்து வருகின்றது. ஒரு லீற்றர் மதுசாரம் வடித்தால் 10 முதல் 15 லீற்றர் வரை கழிவுநீர் எஞ்சும். முன்னர் இது ஆறுகளில் விடப்பட்டு மீன்களை அழித்தது. பின்னர் அதனை வயல்களுக்குப் பாய்ச்சினர். 2020ஆம் ஆண்டில் சாவோ பாவுலோ மாநிலத்தின் குவாரிபாவில், இதே கழிவுநீரையும் ஆலைச் சேற்றையும் நொதிக்கவைத்து மின்சாரம் பெறும் பெரிய நிலையம் இயங்கத் தொடங்கியது.

எமக்கு நெருக்கமான அனுபவம் இந்தியாவில் உண்டு. புங்கு, காட்டாமணக்கு ஆகியவற்றின் எண்ணெயை டீசலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் முயற்சிகள் அங்கு நடந்தன. பிண்ணாக்கு நச்சுத்தன்மையுடையது; மாட்டுக்கு வைக்க முடியாது. டெல்லி இந்தியத் தொழில்நுட்ப நிறுவகத்தினர் அதனை நீரில் கரைத்துச் சாண வாயுக் கலத்தில் இட்டுப் பார்த்தனர். வாயு தாராளமாகக் கிடைத்தது. எரியும் பகுதியான மெதேன், சாண வாயுவில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகவே இருந்தது. 25 கிலோ சாணம் தரும் வாயுவை ஏறத்தாழ 3 கிலோ பிண்ணாக்கு தந்துவிடும்.

கலத்தினுள் நடப்பது என்ன?

காற்றுப் புகாத தாங்கியில் மூன்று கூட்டத்தார் வேலை செய்கின்றனர். முதற் கூட்டம் பிண்ணாக்கை உடைத்துக் கரைக்கின்றது. இரண்டாவது, கரைந்ததை அமிலமாக்குகின்றது. மூன்றாவது, அமிலத்தை மெதேனாக்குகின்றது. மூன்றாமவர் மெதுவாக வளர்பவர்கள். அவர்களின் வேகத்தை மீறித் தீனி போட்டால் அமிலம் தேங்கி, தாங்கி புளித்துப் போகும், அடுப்பும் அணைந்துவிடும். ஆகவே தீனியை அளவறிந்து போடுவதே இத்தொழிலின் சூட்சுமம்.

தூக்கிச் செல்லக்கூடிய கலம்

சீமெந்தால் கட்டும் குழி பல்லாண்டு நிலைக்கும். ஆனால் இரவல் காணியில் இருப்பவர் அதனைக் கட்டுவது எங்ஙனம்? நாளை சொந்த ஊருக்குத் திரும்பும்போது குழியைக் கொண்டுபோக முடியாதே! புனே நகரில் ஆனந்த் கார்வே அவர்களின் நிறுவனம் 2003ஆம் ஆண்டளவில் உருவாக்கிய சிறிய கலம் இதற்குப் பொருத்தமானது. 1000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கியின் மேற்பகுதியை வெட்டி, அதனுள் 750 லீற்றர் தாங்கியொன்றைக் கவிழ்த்து வைப்பார்கள். வாயு சேரச் சேர மேல் தாங்கி உயரும். வெறுமையாக்கினால் வண்டியில் ஏற்றிவிடலாம்.

தொடங்கும் முறை

1. கீழ்த்தாங்கியை ஒருமுறை மட்டும் சாணக் கரைசலால் நிரப்புங்கள். இது தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது. மாடுள்ள அயலவரிடம் கேட்டுப் பெறலாம்.

2. முதலில் வரும் வாயு எரியாது. அதனை வெளியே விட்டுவிடுங்கள். நன்கு எரியும் வாயு வரச் சில வாரங்கள் செல்லும்.

3. பிண்ணாக்கை முதல்நாள் இரவே நான்கு மடங்கு நீரில் ஊறவையுங்கள். நாளுக்கு 200 கிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

4. புளித்த மணம் வந்தால் சில நாட்கள் தீனியை நிறுத்திச் சிறிது சாணக் கரைசலும் சுண்ணாம்பு நீரும் சேருங்கள்.

5. தாங்கியைத் திறந்த வெளியில், வெயில் படும் இடத்தில் வையுங்கள். அருகில் நெருப்போ சுருட்டோ கூடாது.

6. காட்டாமணக்கு வித்தும் பிண்ணாக்கும் பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. தொட்டபின் கைகளை நன்கு கழுவுங்கள்.

கணக்கைப் பார்ப்போம்

நாளுக்கு 3 கிலோ என்றால் ஆண்டுக்கு 1000 கிலோவுக்கு மேல் பிண்ணாக்கு வேண்டும். வேலியோரக் காட்டாமணக்கையும் குளக்கட்டுப் புங்கையும் நம்பித் தனியொரு குடும்பம் இவ்வளவு சேர்க்க முடியாது. 2003ஆம் ஆண்டின் பின் காட்டாமணக்கைப் பெருந்தோட்டமாக நட்ட இந்திய விவசாயிகள் பலர், சொல்லப்பட்ட விளைச்சல் கிடையாமல் நட்டமடைந்தனர். எனவே இதற்கென நல்ல காணியை ஒதுக்க வேண்டாம். பத்துக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து வித்துப் பொறுக்கி, ஒரே இடத்தில் ஆட்டி, எண்ணெயை விளக்குக்கும் பிண்ணாக்கைக் கலத்துக்கும் பங்கிடலாம். குறைவதைப் பழுதான சோறு, கஞ்சி, பழத்தோல், மரவள்ளிக் கழிவு ஆகியவற்றால் நிரப்பலாம். வேப்பம் பிண்ணாக்கு பூச்சிகளைக் கொல்லும் தன்மையது. அதனைத் தோட்டத்துக்கே பசளையாக இடுவது நல்லது. எள்ளுப் பிண்ணாக்கு மாட்டுக்குரியது. அதைத் தாங்கியில் போட வேண்டாம்.

1990களில் வடக்கில் மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்தது. 2022ஆம் ஆண்டில் காசும் மண்ணெண்ணெயும் நாடெங்கும் கிடைக்கவில்லை. இருமுறையும் எமது பெண்கள் விறகு தேடி அலைந்து, புகையில் கண் கலங்கினர். ஒரு வேளைச் சமையலுக்காவது வீட்டு வாயு இருந்தால் அந்தச் சுமை பாதியாகும்.

வாயு போனபின்னும் கரைசலில் நைதரசன் முதலிய சத்துக்கள் அப்படியே இருக்கும். அதனைக் கத்தரிக்கும் வாழைக்கும் ஊற்றுங்கள். ஒரே வித்து விளக்குக்கு எண்ணெயும், அடுப்புக்கு வாயுவும், தோட்டத்துக்குப் பசளையும் தந்துவிடுகின்றது.