கூண்டுக்குள் சோலைப்பாடி

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுகை முடிந்து ஆட்கள் தேநீர்க் கடைகளுக்கு நடக்கும் நேரம். பக்கத்துச் சந்தில் ஒரு கடைவாசலில் துணி போர்த்திய கூண்டு தொங்கியது. துணியை விலக்கியதும் 'டக், டக்' என்றொரு அதட்டல்; பிறகு குழைந்து குழைந்து இறங்கிய பாட்டு. மின்னும் கருந்தலை, செம்பழுப்பு வயிறு. கம்பியில் உரசி உரசி நீண்ட வாலின் நுனி பிய்ந்திருந்தது.

மலாய்க்காரர்கள் இதை மூராய் பத்து என்பார்கள். தமிழில் சோலைப்பாடி. குண்டுக்கரிச்சானுக்கு நெருங்கிய சொந்தம். அது ஊருக்குள் பாடும், இது காட்டை விட்டு வராது. மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, இங்கே மலாயாக் காடுகள் என எங்கும் புதர் அடர்ந்த நிழலில்தான் குடித்தனம். எடை சுமார் 30 கிராம். 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன் மெழுகு உருளையில் பதிவு செய்தது கூண்டிலிருந்த ஒரு சோலைப்பாடியின் குரலை. உலகில் நமக்குத் தெரிந்த முதல் பறவைப் பாட்டுப் பதிவு அதுதான்.

அந்தக் குரலே அதற்கு எமன். தன் எல்லைக்குள் இன்னோர் ஆண் பாடினால் ஆண் பறவை பொறுக்காது, சண்டைக்கு வரும். பிடிப்பவர்கள் பழக்கிய பறவையைப் பாடவிட்டு, அருகே வலையோ பசையோ வைத்துக் காத்திருப்பார்கள். துணிச்சலான பாடகன்தான் முதலில் சிக்கும். மரப்பொந்தில் அடைகாக்கும் பெட்டை, துணையை இழந்து, குஞ்சு பொரித்தபின் இரைக்குத் தனியாக அலையும்.

இந்தோனேசியாவின் பாட்டுப் போட்டிகளில் இதற்குப் பெரும் கிராக்கி. மலேசியக் காட்டுப் பறவைகள் அங்கே கடத்தப்படுகின்றன. இதைத் தடுக்கத்தான் 2022 நவம்பரில் மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிய, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சோலைப்பாடி சேர்க்கப்பட்டது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம்.

வளர்ப்பவர்களுக்குப் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். வெட்டுக்கிளி தேடித் தேடி ஊட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் காட்டிலிருந்து பிடித்த ஒன்றை வாங்கினால், அடுத்ததைப் பிடிக்க நாமே கூலி கொடுத்ததாகிவிடும். விற்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வாங்காதீர்கள்.

பாட்டுக் கேட்க ஆசையா? 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த கொடிமலை பக்கத்திலேயே இருக்கிறது. தாவரவியல் பூங்காவிலிருந்து மலையேறும் ஜீப் பாதையில் விடியும்போது நடந்து, பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள்.