முள் காட்டிய 36

மட்டாஞ்சேரியில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், ரேடியேஷனுக்குக் காயலைத் தாண்டி எர்ணாகுளம் போக வேண்டும். பல வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். எரியுமா, முடி கொட்டுமா, எவ்வளவு ஆகும் என்றெல்லாம் விசாரிக்கிற குடும்பம் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. இந்த மெஷினின் கதிரைக் கடைசியாகத் தண்ணீரில் எப்போது அளந்தார்கள்?

தண்ணீருக்கும் ரேடியேஷனுக்கும் என்ன சம்பந்தம்? நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான். மெஷினிலிருந்து பாயும் எலக்ட்ரான், வழியில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களைத் தட்டிப் பெயர்க்கிறது. ஒவ்வொரு தட்டலிலும் அதன் ஆற்றல் கொஞ்சம் குறைகிறது. ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். 7 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் புறப்பட்டது மூன்றரை சென்டிமீட்டரில் நின்றுவிடும். 36-ல் புறப்பட்டால் 15 சென்டிமீட்டரையும் தாண்டும். அதனால்தான் சிகிச்சை மெஷின்களைத் தண்ணீர்த் தொட்டியில் டிடெக்டரை நகர்த்தி நகர்த்தி அளக்கிறார்கள்.

புரோட்டானின் வழி வேறு. ஆரம்பத்தில் கொஞ்சமாக இழந்து, வேகம் குறையக் குறைய அதிகம் இழந்து, கடைசியில் கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். சென்னையில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை உண்டு. செலவு பெரிது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. கடன் வாங்கும் முன் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள்.

மெஷினை அளக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1990 டிசம்பர். ஸ்பெயினின் சரகோசா நகர மருத்துவமனையில் பழுது பார்த்த மெஷின் மீண்டும் ஓடத் தொடங்கியது. எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் ஆற்றலைக் காட்டும் மீட்டரின் முள் 36-லேயே நின்றது. முள்தான் சிக்கிக்கொண்டது என்று நினைத்தார்கள். முள் சரியாகத்தான் இருந்தது. பத்து நாளில் 27 நோயாளிகள் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் பலர் இறந்தார்கள். பழுது பார்த்ததும் மருத்துவ இயற்பியலாளர் ஒருமுறை அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இந்தியாவில் இத்தகைய மெஷினை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் கட்டாயம். மருத்துவ இயற்பியலாளரும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தாக வேண்டும். அவர்கள் யார், பழுதுக்குப் பின் அளந்தார்களா என்று கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

எதிர்பார்த்ததைவிடத் தோல் கடுமையாக வெந்தால், அடுத்த வேளை ரேடியேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகச் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். பணம் கட்டியோ இன்ஷூரன்ஸிலோ சிகிச்சை பெற்று, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டிருந்தால், இரண்டு ஆண்டுக்குள் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிகள், 1995-ம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இதற்குள் வராது. அங்கே பாதிக்கப்பட்டிருந்தால் மாவட்ட மருத்துவ அதிகாரிக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும் எழுதுங்கள். சிவில் நீதிமன்றமும் இருக்கிறது.

நாளை காலை போட் ஏறும்போது ஒவ்வொரு நாளின் தேதியையும் தோலின் நிலையையும் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள்.