பி.காமா, பிரெஞ்சா, உலக விவகாரமா?

பிளஸ் டூ முடித்த பெண் இருக்கிற வீட்டில் மே மாதம் வந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு கோர்ஸ் சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மாமியார், "பி.காம். சேர்த்து விடு, பேங்க் வேலை கிடைக்கும்" என்றார். பாண்டிச்சேரியில் இருக்கும் நாத்தனார், "பி.ஏ. பிரெஞ்சு படிக்கட்டும் அண்ணி, வாழ்க்கையே மாறிடும்" என்றார். பெண்ணோ, "உலக விவகாரம் படிக்கணும்மா, ஃபாரின் சர்வீஸ் போகணும்" என்கிறாள். இவர் வழக்கம் போல, "நீயே பார்த்துக்கோ" என்று பேப்பரை எடுத்துக் கொண்டார். நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனாலும் நாலு கல்லூரி ஏறி இறங்கி, பாடத்திட்டத்தை வாங்கி வரி வரியாய்ப் படித்து, தெரிந்தவர்களைத் துளைத்தெடுத்துத் தெரிந்து கொண்டதை, அடுத்த வருஷம் இதே அவஸ்தைப் படப் போகும் சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் பி.காம். இதில் வெறும் பேரேடு எழுதச் சொல்லிக் கொடுப்பதில்லை. அடக்கவிலைக் கணக்கு, வருமான வரி, கம்பெனிச் சட்டம், பேங்க் சட்டம், தணிக்கை என்று ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு புது விஷயம். சீட்டுக் கட்டி, நகைக்கடன் வைத்து, திருப்பி, மறுபடி வைத்துக் குடும்பம் நடத்துகிற நமக்கு இதில் பாதி ஏற்கெனவே பழக்கம்தான், பெயர்தான் தெரியாது! பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ.வில் ஃபவுண்டேஷன் பரீட்சை எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் முன்பு மூன்று வருஷம். 2023-ல் வந்த புதுத் திட்டத்தில் அதை இரண்டு வருஷமாக்கி விட்டார்கள். கல்யாண வயசைக் கணக்குப் போடும் பாட்டிமார்களுக்கு இந்த ஒரு வருஷம் பெரிய சமாதானம்.

"ஆடிட்டர் வேலை ஆம்பிளைங்களுக்கு" என்று எங்கள் பக்கத்து வீட்டு மாமா சொன்னார். இந்தியாவிலேயே முதன்முதலில் கணக்காளர் பரீட்சை தேறிய பெண் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம். தேறிய வருஷம் 1933. அப்போது சி.ஏ. என்ற பெயரே கிடையாது, ஜி.டி.ஏ. என்பார்களாம். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். ஜெயிலுக்குப் போனவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று விதி குறுக்கே வந்தபோது வழக்குப் போட்டு ஜெயித்தார். மாமாவிடம் இதைச் சொன்னேன், காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து பிரெஞ்சு. இதில்தான் நாம் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். பிரெஞ்சு படிப்பது என்றால் இரண்டு வகை. பி.ஏ. பிரெஞ்சு என்று மொழியையும் இலக்கியத்தையுமே மூன்று வருஷம் படிப்பது ஒன்று. பி.காமோ பி.எஸ்ஸியோ எடுத்துக் கொண்டு, தமிழுக்குப் பதிலாக முதல் பகுதி மொழிப்பாடமாக பிரெஞ்சு எடுப்பது இன்னொன்று. ஒரு கல்லூரியில் அட்மிஷன் மேஜையில் இருந்தவர், "பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளலாம்மா, அஞ்சு கேள்வியை மனப்பாடம் பண்ணினாப் போதும்" என்று என்னிடமே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷம் ஒரு மொழியைப் படித்துவிட்டு, "உன் பேர் என்ன?" என்று கேட்டால் முழிக்கிற படிப்புக்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

பிரெஞ்சு நிஜமாகவே வருகிறதா என்று பார்க்க டெல்ஃப் என்று ஒரு பரீட்சை இருக்கிறது. பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சகம் சான்றிதழ் தருகிறது. அது காலாவதி ஆவதே இல்லை. ஏ1, ஏ2, பி1, பி2 என்று நாலு படி. காதால் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். மொத்தம் 50 வாங்கினால் பாஸ், ஆனால் எதிலாவது 5-க்குக் கீழே போனால் போச்சு. ஆகவே மனப்பாடம் பண்ணி எழுதுவது மட்டும் இங்கே உதவாது, வாயைத் திறந்து பேசியாக வேண்டும். பாண்டிச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இருக்கிறது. கடலூர்க்காரர்களான எங்களுக்கு அது பஸ் ஏறினால் போய்விடும் தூரம்தான்.

நாத்தனாரின் பிரெஞ்சு மோகத்துக்கும் காரணம் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, அங்கிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்கள் இன்றைக்கும் பிரான்ஸுக்கும் பாண்டிக்குமாய் இருக்கின்றன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை அங்கே 'சொல்தா' என்பார்கள். அந்த வசதியைப் பார்த்து வளர்ந்தவருக்கு பிரெஞ்சு என்றால் பென்ஷன் என்றுதான் தோன்றும். ஆனால் அது குடியுரிமைக்கு வந்த பணம், படிப்புக்கு வந்ததில்லை. இதை நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்ல எனக்கு இரண்டு தீபாவளி ஆகும்!

தமிழை விடுவது பற்றி ஒரு வார்த்தை. டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாள் கட்டாயம் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. அதில் 40 சதவீதம் வாங்காவிட்டால் மற்ற விடைகளைப் பார்க்கவே மாட்டார்கள். எங்கள் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள், அதனால் கல்லூரியில் பிரெஞ்சு எடுக்க நான் தடை சொல்லவில்லை. மார்க்குக்காகப் பள்ளிக்கூடத்திலேயே தமிழை விட்டுவிடுகிறார்களே, அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

உலக விவகாரம் என்றதும் மாமியார், "நமக்கெதுக்கு ஊர்வம்பு?" என்றார். 2022-ல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் சண்டை மூண்டதும் நம் அடுப்படியில் சூரியகாந்தி எண்ணெய் என்ன விலைக்குப் போனது என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். நமக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்துதான் வந்து கொண்டிருந்தது. அது போதாதென்று அதே ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. அப்பளம் பொரிக்க யோசித்த நாட்கள்! ஊர்வம்பு நம் வாணலிக்குள்ளேயே வந்துவிட்டதே!

ஃபாரின் சர்வீஸுக்கு இந்தப் பட்டம்தான் வேண்டும் என்று கிடையாது. ஐ.ஏ.எஸ்.ஸுக்கு எழுதும் அதே பரீட்சைதான், எந்தப் பட்டமும் போதும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். தேறியவர்களுக்கு ஒரு அயல்மொழியை அவர்களே கட்டாயமாகச் சொல்லித் தருகிறார்கள். இந்த சர்வீஸில் முதலில் நுழைந்த பெண் சி.பி. முத்தம்மா. குடகுக்காரர், ஆனால் படித்தது நம் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில். 1949-ல் சேர்ந்தார், முதல் போஸ்டிங் பாரிஸ். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனால் வேலையை விடுவேன் என்று பெண்களிடம் மட்டும் எழுதி வாங்கினார்களாம். பதவி உயர்வில் தன்னை ஒதுக்கியதற்கு அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பெண்களுக்கென்று தனியாக வைத்திருந்த அந்த விதிகளை வெளுத்து வாங்கி, திருத்தச் சொன்னார். என் பெண் இதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

கடைசியில் பி.காம். சேர்த்தோம், மொழிப்பாடம் பிரெஞ்சு. வீட்டிலிருந்து போய் வரும் கல்லூரி. டெல்ஃப் ஏ1 எழுதப் போகிறாள். எண்பதை அவர்கள் 'நாலு இருபது' என்கிறார்களாம். தொண்ணூற்றொன்பது 'நாலு இருபது பத்தொன்பது'. காய்கறிக்காரரிடம் இப்படிக் கேட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று மாமியார் சிரித்தார். உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டாம் அந்த மொழியில். பணம் ஆண்பால், சில்லறை பெண்பால், சமையலறையும் பெண்பால். நன்றாகத்தான் பிரித்திருக்கிறார்கள்!

பி.காம். முடித்து சி.ஏ.வா, சிவில் சர்வீஸா என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஆர்ட்டிகிள்ஷிப்பில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் ராத்திரி வெகுநேரம் ஆகும், வெளியூர் ஆடிட்டுக்கும் அனுப்புவார்கள் என்கிறார்கள். பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பியிருக்கும் அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், திரும்பி வர என்ன ஏற்பாடு செய்தீர்கள், ஆபீஸ் சேரும்போது என்னென்ன கேட்டுக் கொண்டீர்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, கடலூர்