மஞ்சளுக்கெல்லாம் யூரியாவா?

வடசென்னையின் தண்டையார்பேட்டையில் இன்று வயல் கிடையாது. ஆனால் தமிழக வயல்களுக்குப் போகும் உரத்தில் கணிசமான பங்கு இந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் தயாராகிறது. மணலியில், 1966-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனம் 1971-லிருந்து யூரியா தயாரிக்கிறது. ‘விஜய்’ மூட்டையைத் தெரியாத விவசாயி குறைவு. திருவொற்றியூரைத் தாண்டினால் எண்ணூரில், ஒரு காலத்தில் பாரி நிறுவனத்திடம் இருந்து இப்போது கோரமண்டல் வசம் உள்ள ஆலை. அங்கே தயாராகும் 20-20-0-13 என்ற கலப்பு உரத்தில் தழைச்சத்து, மணிச்சத்தோடு 13 சதவீதம் கந்தகமும் உண்டு. இரண்டுமே பயிரின் பசிக்கான மருந்துகள்தான். எந்தப் பசிக்கு எது என்பதைப் பயிர் தன் உடம்பிலேயே எழுதிக் காட்டுகிறது. அதைப் படிக்காமல், மூட்டை விலையைப் பார்த்து மருந்து கொடுக்கும் பழக்கத்தை ஐம்பது ஆண்டுகளாக வளர்த்து வைத்திருக்கிறோம் என்பதே என் குற்றச்சாட்டு.

பயிர் எழுதிக் காட்டும் விதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வீட்டில் அரிசி குறைந்தால் பெரியவர்கள் தங்கள் பங்கைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குப் பரிமாறுவதுபோல, தழைச்சத்து குறையும்போது பயிர் தன் அடி இலைகளில் இருக்கும் பச்சையத்தையும் புரதத்தையும் உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனைக் குருத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே மஞ்சள் கீழிருந்து ஏறும். சாம்பல்சத்தும் மெக்னீசியமும் இதே விதிப்படி நடப்பவை. சாம்பல்சத்துக் குறைவில் அடி இலையின் ஓரம் மட்டும் கருகும், மெக்னீசியக் குறைவில் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளுக்கும். இரும்பும் கந்தகமும் அப்படி எளிதில் இடம் பெயராதவை. அவை குறைந்தால் அடி இலை பச்சையாகவே இருக்க, குருத்துதான் முதலில் வெளுக்கும். மணிச்சத்துப் பற்றாக்குறை இன்னும் ஏமாற்றும்: அதில் இலை மஞ்சளாவதே இல்லை. மங்கலான கரும்பச்சையோடு பயிர் குட்டையாக நிற்கும், தூர் கட்டாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் செழிப்பு என்றே தோன்றும். மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது, நரம்பிலா இடையிலா என்று குனிந்து பார்த்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

நெல்லில் துத்தநாகக் குறைவு இதற்கு நல்ல சாட்சி. நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் இளம் இலையின் அடிப்பக்கத்தில் நடு நரம்பு வெளுக்கும். கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் பரவும். வயலில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பயிர் தேங்கி நிற்கும். வட இந்தியாவின் தராய் பகுதியில் இதை நோய் என்றே நினைத்திருந்தார்கள். இது துத்தநாகப் பற்றாக்குறை என்று 1966-ல் காட்டியவர் பந்த்நகர் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல்.நேனே, அவரே பயிர் நோயியல் அறிஞர். தமிழக மண்ணில் பாதிக்கும் மேல் துத்தநாகம் குறைவானது என்பது பல ஆண்டு ஆய்வுகளின் முடிவு. தண்ணீர் தேங்கிய வயலில் இருக்கிற துத்தநாகமும் கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. மணிச்சத்தை அள்ளிப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து, மணிச்சத்து உரத்தோடு சேர்க்காமல் நடவின்போது இட வேண்டும் என்பது பழைய பரிந்துரை. இதைச் செய்யாமல் அந்தப் பழுப்புத் திட்டுகளின் மேல் யூரியாவை வீசினால் பயிர் தேறாது.

ஆனாலும் வீசுகிறார்கள். காரணம் அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே நிறுத்தினார்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. 50 கிலோ டி.ஏ.பி. 1,350 ரூபாய். கடன் வாங்கிச் சாகுபடி செய்கிறவர் எதைத் தூக்குவார் என்பதில் சந்தேகமே இல்லை. முன்பு பரவலாக இருந்த அம்மோனியம் சல்பேட்டும் சூப்பர் பாஸ்பேட்டும் கேட்காமலே கந்தகத்தைச் சேர்த்துக் கொடுத்தன. யூரியாவிலும் டி.ஏ.பி.யிலும் அது இல்லை. இப்படிக் கந்தகம் குறைந்த வயலில் குருத்து வெளுத்தால், அதற்கும் யூரியாதான் போகிறது.

இலையைப் பார்த்து முடிவு செய்வது தாமதம், மண் பரிசோதனையே வழி என்று வேளாண் விஞ்ஞானிகள் மறுப்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. இலை பேசுவதற்கு முன்பே வேர் வேலையைத் தொடங்கிவிடும்: மணிச்சத்து குறைந்தால் வேர்த்தூவிகள் நீளும், பக்கவேர்கள் மேல்மண்ணில் பரவும், கட்டுண்ட பாஸ்பேட்டை விடுவிக்க அமிலங்கள் சுரக்கும். கசலாத் என்ற பழைய நெல் ரகத்தில் இந்த வேர்த்திறனைக் கூட்டும் மரபணுவை 2012-ல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அடையாளம் கண்டார்கள். நவீன ரகங்கள் பலவற்றில் அது இல்லை. இலையில் அறிகுறி தெரியும்போது மகசூலில் ஒரு பகுதி போயிருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் 2015-ல் தொடங்கிய மண்வள அட்டை விதைக்கும் முன் சொல்வது; சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், மண்ணில் இருக்கும் இரும்பு வேருக்குக் கிடைத்ததா என்பதை நின்ற பயிர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சரிபார்ப்பவை. நெல்லுக்கான இலை வண்ண அட்டையையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்: பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் மேலுரம். அது பச்சையை அளக்கும்; பச்சை ஏன் குறைந்தது என்று கேட்காது.

ரசாயன உரத்தையே விட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பவர்கள், 2021 மே மாதத்தில் இலங்கை உர இறக்குமதியை நிறுத்தியதையும், விளைச்சல் சரிந்து அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியதையும் மறக்கக் கூடாது. தொழுவுரமும் பசுந்தாள் உரமும் மண்ணுக்கு அவசியம். நுண்ணூட்டத்தைப் பிடித்து வைப்பவையும் அவையே. ஆனால் ஒரே பருவத்தில் ரசாயன உரத்துக்கு மாற்றாக அவற்றை வைத்துவிட முடியாது. யூரியா மீது எனக்குப் பகையில்லை. இடம் தெரியாமல் போடும் யூரியாவின் மீதுதான் வருத்தம். நெல் வயலில் இடும் யூரியா நைட்ரஜனில் பயிருக்குப் போவது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மிச்சம் காற்றுக்கும் தண்ணீருக்கும் போகிறது, மிகையானது புகையானையும் குலைநோயையும் வரவழைக்கிறது. உரத்துக்குத் தேவையான அம்மோனியாவோடு பக்கத்தில் வாழ்பவர்கள் வடசென்னை மக்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத் திணறிப் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். இந்த விலை கொடுத்து உண்டாக்கும் நைட்ரஜனை, துத்தநாகம் கேட்கும் பயிரின் மேல் கொட்டி வீணடிப்பதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியம் அல்ல. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் ஜிங்க் சல்பேட்டும் ஜிப்சமும், மானிய விலையில், பருவத்துக்கு முன்பே இருக்க வேண்டும். நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச்சத்து வேரிலிருந்து நீரோடு இலைக்குப் போகும். இலையிலிருந்து கீழே காய்க்குத் திரும்பி வராது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் அதில் உருவாகும் காயும் தங்களைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை உறிஞ்சியாக வேண்டும். அதனால்தான் விதைத்த 40-45 நாளில் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடச் சொல்கிறார்கள். கந்தகமும் அதிலேயே கிடைத்துவிடும். அந்த ஜிப்சம் அறுவடைக்குச் சற்று முன்னால் சங்கத்துக்கு வந்து சேர்ந்தால், செடி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பிடுங்கும்போது கையில் வருவது பொக்குக் காய்தான்.