ஏரிமேல் எழுந்த நகரம்

மெக்சிகோ நாட்டின் தலைநகர் ஓர் அகன்ற கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அப்பள்ளத்தாக்கினை நாற்புறமும் மலைகள் சூழ்ந்துள்ளன. அவற்றுள் பல எரிமலைகள். அங்கிருந்து நீர் வெளியேற இயற்கையான வழி ஒன்றும் இல்லாமையால், பெய்த மழையெல்லாம் பண்டு ஐந்து ஏரிகளாகத் தேங்கி நின்றது. எரிமலைகள் கக்கிய சாம்பல் அவ்வேரிகளில் படிந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் ஒருவகைக் களிமண்ணாக மாறிற்று. வயல்களில் காணும் களிமண்ணைப் போன்றதன்று அது. அதன் பல அடுக்குகளில் மண்ணின் எடையைப்போல் மூன்று, நான்கு மடங்கு நீர் அடங்கியுள்ளது. தோற்றத்தில் மண்ணாயினும் உண்மையில் அது பெரும்பாலும் நீரே எனலாம்.

1325 ஆம் ஆண்டளவில் ஆஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியின் நடுவே இருந்த ஒரு தீவில் டெனோச்டிட்லான் என்னும் நகரை நிறுவினர். அவர்கள் ஏரியைப் பகையாகக் கருதவில்லை. சேற்றை வாரி மேடாக்கிப் பயிர் செய்தனர். உவர்நீர் நன்னீரோடு கலவாதவாறு நீண்ட கரை எழுப்பினர். 1521 இல் அந்நகரை வென்ற ஸ்பானியரோ அதன்மீதே தம் நகரைக் கட்டி, நீரை அகற்ற முற்பட்டனர். 1629 இல் வந்த வெள்ளம் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வடியாமல் நின்றது. அதன்பின் வடிகால்கள் பெருகின. 1900 இல் பெருங்கால்வாய் ஒன்று திறக்கப்பட்டது. ஏரிகள் பெரும்பாலும் மறைந்தன. அவை விட்டுச்சென்ற களிமண் மட்டும் நகரின் அடியில் எஞ்சியது.

நகரம் விரைந்து வளர்ந்தது. மக்கள் தொகை பெருகப் பெருகக் குடிநீர்த் தேவையும் மிகுந்தது. களிமண்ணுக்குக் கீழே மணலும் சரளையும் கலந்த அடுக்குகளில் நல்ல நீர் இருந்தது. கிணறுகள் தோண்டி அந்நீரை இறைத்தனர். கீழடுக்கில் நீரின் அழுத்தம் குறையவே, மேலுள்ள களிமண்ணில் இருந்த நீர் மெல்ல மெல்லக் கீழே கசியலாயிற்று. நீரை இழந்த களிமண் சுருங்கிற்று. அதன்மேல் நின்ற நகரமும் உடன் தாழ்ந்தது. பிழிந்த பஞ்சினை நீரில் இட்டால் மீண்டும் உப்பும். இக்களிமண் அவ்வாறு உப்புவதில்லை. ஒருமுறை இறுகினால் பெரும்பாலும் இறுகியதே. நீர் இறைத்தலே நகரம் தாழ்வதற்குக் காரணம் என்பதை நாபோர் கரியோ என்னும் அறிஞர் 1947 இல் கணக்கிட்டு விளக்கினார். பின்னர் நகர் நடுவில் இருந்த கிணறுகள் பல மூடப்பட்டன. அங்கே தாழ்வு தணிந்தது. ஆயினும் புதிய கிணறுகள் புறநகர்களில் தோண்டப்பட்டமையால், தாழ்வும் அவ்விடங்களுக்குப் பெயர்ந்தது. அங்குச் சில பகுதிகள் அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் நகரின் நடுப்பகுதி 9 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. நிலம் எங்கும் ஒரே அளவில் தாழ்வதில்லை என்பதே இதில் பெருந்துன்பம். பழைய ஆஸ்டெக் கட்டடங்களின் இடிபாடுகள் அடியில் இருந்தமையால் தலைமைத் தேவாலயம் ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் தாழ்ந்து சாய்ந்தது. 1990களில் மேடான பக்கத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து அதனைச் செம்மைப்படுத்தினர். 1910 இல் எழுப்பிய விடுதலைத் தூணோ ஆழமான முளைகளின்மேல் நிற்பதால் தாழவில்லை. சுற்றியுள்ள தெரு தாழ்ந்துவிட்டது. தூணை அடைவதற்குப் பதினான்கு படிகள் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று! சரிவை நம்பி வெட்டிய பெருங்கால்வாயும் தன் சரிவை இழந்தது. கழிவுநீரை எந்திரங்களால் மேலே ஏற்ற நேர்ந்தது.

இவையெல்லாம் மெல்ல நிகழ்பவை. 1985 செப்டம்பர் 19 ஆம் நாள் காலையில் நிகழ்ந்ததோ வேறு. பசிபிக் கரையோரம், நகரிலிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால், பெரும் நிலநடுக்கம் ஒன்று தோன்றிற்று. அத்துணைத் தொலைவில் அதன் வலிமை குன்றியிருத்தல் வேண்டும். பாறைமீது அமைந்த பல்கலைக்கழகப் பகுதியில் அதிர்ச்சி சிறிதாகவே இருந்தது. ஏரிக் களிமண் பகுதியிலோ அது ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுந்து காணப்பட்டது. அக்களிமண் இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது. ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு இயையத் தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, ஏறத்தாழ அதே வேகத்தில் ஆடும் இயல்புடைய ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்களை அது மிகுதியாக ஆட்டிச் சாய்த்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒரே நகரில் ஒரே நாழிகையில், ஒரு வீட்டார் உயிர் பிழைப்பதும் மற்றொரு வீட்டார் மடிவதும் பெரும்பாலும் அடியிலிருந்த மண்ணால் முடிவாயின.

அன்று சேதமின்றி நின்றவற்றுள் ஒன்று லத்தீன் அமெரிக்கக் கோபுரம். 1956 இல் முடிக்கப்பெற்ற அந்த 44 மாடிக் கட்டடத்தை எழுப்புமுன், லியோனார்தோ சேவேர்ட் என்னும் பொறியாளர் அடிநிலத்தைத் துளையிட்டு ஆராய்ந்தார். 361 முளைகளை ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்திலுள்ள உறுதியான மணலடுக்கில் ஊன்றச் செய்தார். அதே களிமண், அதே அதிர்ச்சி. ஆனால் அங்கே மண்ணை முன்பே அறிந்திருந்தனர்.

இன்று அந்நகரின் கட்டட விதிகள் நிலத்தைக் குன்றுப்பகுதி, இடைப்பகுதி, ஏரிப்பகுதி என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு கணக்குகளை வகுத்துள்ளன. 1987 இல் அவை மேலும் கடுமையாக்கப்பட்டன. ஆயினும் 2017 இல் அதே செப்டம்பர் 19 ஆம் நாள் அருகே தோன்றிய மற்றொரு நிலநடுக்கத்தில், உயரம் குறைந்த பழைய கட்டடங்கள் பல வீழ்ந்தன.

நிலநூல் வகுக்கும் எல்லை கட்டடத்தோடு முடிவதன்று. நகரின் தெற்கே எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைச் சரிவுகள் உள்ளன. வெடிப்புகள் நிறைந்த அப்பாறை மழைநீரை உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்புகிறது. இதனை உணர்ந்தே நகர எல்லையில் பாதிக்கு மேற்பட்ட நிலத்தில் வீடு கட்டுதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஆனால் நகருக்குள் இடம் வாங்க இயலாத ஏழை மக்கள் அச்சரிவுகளில் குடியேறி வருகின்றனர். அவர்களைக் குறை கூறுதல் எளிது, வேறிடம் காட்டுதல் அரிது. அங்கே எழும் கூரைமீது விழும் மழை பாறைக்குள் இறங்குவதில்லை. அது வடிகாலில் ஓடி, ஆழ்ந்த சுரங்கங்களின் வழியே பள்ளத்தாக்கிற்கு வெளியே சென்றுவிடுகிறது. அந்நகரமே, 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, 1,000 மீட்டருக்கு மேல் உயர்த்தி, வேறு நீரைக் குடிப்பதற்குக் கொண்டுவருகிறது.