கணக்கில் ஏறாத குழந்தைகள்

குழந்தை இறந்து பிறந்தாலும், உருவம் பெறாத தசைப் பிண்டமாகப் பிறந்தாலும், அதனையும் ஓர் ஆளாக மதித்து வாளாற் கீறி அடக்கும் வழக்கம் பண்டைத் தமிழ் மறக்குடியில் இருந்ததைப் புறநானூற்றின் 74ஆம் பாடல் நமக்கு அறிவிக்கின்றது. புண்படாது மாய்தல் வீரர்க்கு இழிவென்ற எண்ணமே அவ்வழக்கத்தின் வேர். எனினும் அதனுள் வேறோர் உண்மையும் பொதிந்துள்ளது. மூச்சு விடாது போன மகவும் குடியின் உறுப்பினருள் ஒன்றாக எண்ணப்பட்டது.

நம் காலத்துக் கணக்கோ வேறு. உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் தொகையே சிசுமரண வீதம் எனப்படும். செத்துப் பிறந்த பிள்ளை அவ்வீதத்தினுட் சேராது. அதற்குப் பெயர் சூட்டலும் இல்லை, தாலாட்டும் இல்லை. அவ்விழப்புப் பெரும்பாலும் சுமந்த தாயின் நெஞ்சளவில் நின்றுவிடுகின்றது.

இலங்கையின் நிலையை நோக்குவோம். 1934–35இல் மூண்ட மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. 1935இல் சிசுமரண வீதம் 263 ஆக உயர்ந்தது. அஃதாவது, நான்கு தொட்டில்களுள் ஒன்றேனும் வெறுமையாயிற்று. மலேரியா கர்ப்பிணியின் இரத்தத்தைக் குன்றச் செய்யும். நஞ்சுக்கொடியிலே தங்கிக் கருவுக்குச் செல்லும் ஊட்டத்தைத் தடுக்கும். ஆதலால் கருச்சிதைவும் செத்துப் பிறத்தலும் அக்காய்ச்சலோடு கூடவே வந்தன.

1946இல் 141 ஆக இருந்த வீதம் அடுத்த ஆண்டே 101 ஆக இறங்கியது. பேற்றின்போது தாய்மார் இறப்பதும், 1,000 பிறப்புக்கு 15.5 என்ற அளவிலிருந்து 10.6 ஆகக் குறைந்தது. வீடுதோறும் டி.டி.டி. தெளித்து நுளம்பை ஒழித்தமை இதற்குப் பெருந்துணை புரிந்தது. ஆயினும் மருந்து தெளித்த கையை மட்டும் புகழ்தல் முறையன்று. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, ஊர் ஊராகச் சென்ற மருத்துவிச்சிமாரின் தொண்டும் இதில் உண்டு. துருவேறிய கத்தியால் தொப்புட்கொடியை அறுத்ததனால் தாடை இறுகி, பாலுண்ண மாட்டாது மடிந்த சிசுக்கள் எத்தனையோ! வீட்டார் அதனை விதியென்றனர். கொதிக்க வைத்த கத்தரிக்கோலும் கழுவிய கையும் அந்த விதியை மாற்றின.

ஆனால் நாடு முழுவதற்குமான சராசரி பலவற்றை மறைத்துவிடும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். உயர்ந்த மலைகளில் மலேரியா அரிது. ஆகவே நுளம்பொழிப்பின் பயனும் அங்கே சிறிது. அங்கு வாழ்ந்த தாயை வாட்டியவை வேறு. வெறுங்காலுடன் நடந்தவளின் உடலிற் புகுந்த கொக்கிப்புழு அவள் இரத்தத்தை உறிஞ்சியது. வயிறு முற்றிய மாதங்களிலும் கூடை சுமந்து கொழுந்து பறித்தாள். புகையும் ஈரமும் நிறைந்த லயன் காம்பராவிலே பிள்ளை பெற்றாள். பேர் விழவேண்டுமென்று, தேறாத உடலோடு மலைக்கு ஏறினாள். பச்சிளங் குழந்தையோ பிள்ளைக் காம்பராவில் தாயின் பாலுக்குக் காத்திருந்தது. பஞ்சம் வாட்டிய 1974இல் இலங்கை முழுவதுக்குமான சிசுமரண வீதம் 51 ஆக இருக்க, தோட்டங்களில் அது நூறைத் தாண்டியது. ஒரே தீவு, ஒரே ஆண்டு, இரு வேறு விதிகள்!

இன்று நம் நாட்டின் வீதம் பத்துக்கும் கீழே வந்துவிட்டது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும், எந்த வீதியில், எந்த லயத்தில், எத்தனை பிள்ளைகள் மூச்சின்றிப் பிறக்கின்றன என்று தனித்தனியே கேட்கும் பழக்கத்தை நாம் கைவிடலாகாது. கணக்கெடுத்த இடத்துக்கே மருத்துவிச்சி அனுப்பப்படுகிறாள். மருந்தும் அங்கேதான் போய்ச் சேருகின்றது. பண்டை மன்னர் குடியிற் செத்துப் பிறந்த மகவுக்குக் கிடைத்த மதிப்பு, கொழுந்து பறிப்பவள் வயிற்றுப் பிள்ளைக்கும் உரியதன்றோ?